மோட்டார் சைக்கிள் உழுத பாலைத் தடம்: மண்வேலைக் குறிப்புகள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஃபீனிக்ஸ் நகருக்கு வடக்கே, சொனோரன் பாலைவனக் குன்றுகளின் ஊடே போகிற ஒற்றைத் தடம் அது. பெயர் வேண்டாம், ஏற்கெனவே கூட்டம் அதிகம். மலைச் சைக்கிள், மோட்டார் சைக்கிள், குதிரை, நடந்து போகிறவர் என எல்லோருக்கும் சட்டப்படி அனுமதி உள்ள தடம் என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "மோட்டார் சைக்கிளை உள்ளே விடாதே" என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை. எல்லாரும் ஓட்டுவார்கள், அதற்குத் தாங்குகிற மாதிரி தடம் இருக்க வேண்டும். எங்கள் தன்னார்வக் குழுவின் வேலை அவ்வளவுதான்.

நாங்கள் கையில் எடுத்தபோது நிலைமை மோசம். சரிவில் நேராக இறங்குகிற ஒரு துண்டு முழங்கால் ஆழத்துக்குப் பள்ளமாகியிருந்தது. அடியில் சுக்கான் பாறை வெள்ளையாகப் பல்லைக் காட்டியது. சைக்கிளில் போனால் பெடல் இரண்டு கரையிலும் இடிக்கும். இடிக்கிறதே என்று ஆட்கள் பள்ளத்தை விட்டு ஓரமாக ஏறி, பக்கத்தில் இன்னொரு தடம் போட்டிருந்தார்கள். அதுவும் பள்ளமான பிறகு மூன்றாவது. எதிர்க்குன்றிலிருந்து பார்த்தால் பிரிந்து கிடக்கிற சடைப்பின்னல் மாதிரி இருக்கும். கீழே சமதளத்தில் வேறு வியாதி: அலை அலையாக மேடும் பள்ளமும், ஒவ்வொன்றும் ஒரு சைக்கிள் நீளம். இதை இங்கே ஊப்ஸ் என்பார்கள். சஸ்பென்ஷன் நீளமான மோட்டார் சைக்கிள் அதன் மேல் மிதந்து போய்விடும். சைக்கிள் ஒவ்வொரு குழியிலும் இறங்கி ஏற வேண்டும்.

எதனால் கெடுகிறது

வண்டி கனம், அதனால்தான் தடம் கெடுகிறது என்று சைக்கிள்காரர்கள் நாங்கள் வழக்கமாகச் சொல்வோம். கணக்குப் போட்டால் எடை அவ்வளவு பெரிய விஷயமில்லை. காட்டுத் தடத்தில் ஓடுகிற 250 சிசி வண்டி 110 கிலோ சொச்சம். ஆளோடு சேர்த்தால் 190, 200 கிலோ வரும். சைக்கிளும் ஆளும் 90 கிலோ. இரண்டு மடங்குதான் வித்தியாசம், டயர் அகலமும் அதே இரண்டு மடங்கு. மோட்டார் சைக்கிள் டயரில் காற்று இன்னும் குறைவாகவே அடிப்பார்கள், 12 அல்லது 14 பிஎஸ்ஐ. சைக்கிள் டயரில் 20-க்கு மேல். ஆக நின்ற இடத்தில் மண்ணை அழுத்துவதில் மோட்டார் சைக்கிள் ஒன்றும் அரக்கன் இல்லை.

வித்தியாசம் திறனில் இருக்கிறது. நல்ல சைக்கிள்காரர் ஏற்றத்தில் மிதித்துத் தருவது 250 வாட். அந்த 250 சிசி வண்டியின் உச்சத் திறன் 40 குதிரைத்திறனை ஒட்டி, அதாவது ஏறக்குறைய 30,000 வாட். நூறு மடங்குக்கும் மேல். ஏற்றத்தில் பின்சக்கரம் வழுக்கினால் சைக்கிள்காரர் காலை ஊன்றி இறங்கித் தள்ளுவார். மோட்டார் சைக்கிள்காரர் ஆக்சிலரேட்டரை முறுக்குவார். சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றி, மண்ணை வாரிப் பின்னால் அடிக்கும். அடிக்கிற மண் சரிவில் கீழே போகும், ஓரங்களில் ஒதுங்கும். நடுவில் பள்ளம், இரண்டு பக்கமும் வரப்பு. வாய்க்கால் தயார்.

மீதி வேலையைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். ஃபீனிக்ஸ் பகுதியில் ஒரு வருடத்துக்கு மழை மொத்தமே 180 மி.மீ. அளவுதான். ஆனால் கோடையில், ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் முடியும் வரையிலான பருவமழைக் காலத்தில், பெய்தால் கொட்டோ கொட்டென்று கொட்டும். அரை மணி நேரம் போதும். வாய்க்காலுக்குள் விழுந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் தடத்தோடு ஓடி, போகப் போக வேகம் பிடித்து, தளர்ந்த மண்ணை எல்லாம் அள்ளிக்கொண்டு போய் அடிவாரத்தில் விசிறி மாதிரி கொட்டிவிட்டுப் போகும். ஒரு வருடம் முழுக்கச் சக்கரங்கள் கிளறியதை ஒரே மாலை மழை கொண்டுபோவதை இங்கே பார்க்கலாம். சக்கரம் மண்ணைத் தளர்த்துகிறது, தண்ணீர் அதை எடுத்துப் போகிறது. இந்த இரண்டில் எதைத் தடுப்பது சுலபம் என்று யோசித்தால் வேலைத்திட்டம் தானாக வந்துவிடும்.

எங்கள் பகுதி மண்ணுக்கு ஒரு தனிக் குணம். கருங்கல் சிதைந்து உண்டான பருமணல் அது, களிமண் பற்று குறைவு. காய்ந்தால் கோலிக்குண்டு போல உருளும். அதை இத்தனை காலம் பிடித்து வைத்திருந்தது மேல்தோல்தான். சில இடங்களில் நுண்ணுயிர்த் தோல்: சயனோபாக்டீரியா, பாசி, லைக்கன் எல்லாம் நூலிழையாகப் பின்னி மணலைக் கட்டிவைத்திருக்கும். சில இடங்களில் கல் பாவிய மேற்பரப்பு: கூழாங்கற்கள் தளவரிசை போல நெருங்கிக் கிடக்கும். இரண்டில் எது உடைந்தாலும் அடியிலுள்ள பொடிமண் வெளியே வந்துவிடும். திரும்பக் கட்டுவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். எவ்வளவு காலம் என்று சந்தேகம் இருந்தால் கலிபோர்னியா, அரிசோனா எல்லைப் பாலைவனத்துக்குப் போய்ப் பார்க்கலாம். 1942 முதல் 1944 வரை இயங்கிய, அமெரிக்க ராணுவ ஜெனரல் பாட்டன் தொடங்கிவைத்த பாலைவனப் போர்ப்பயிற்சி மையத்தின் டாங்கித் தடங்கள் இன்னும் அழியாமல் கிடக்கின்றன.

மோட்டார் சைக்கிள் மேல் பழி போட்டுவிட்டு நகர்ந்துவிட முடியாது என்பதற்கு ஒரு ஆய்வும் உண்டு. மொன்டானா மலைத்தடங்களில் நடப்பவர், குதிரை, மோட்டார் சைக்கிள், மலைச் சைக்கிள் நான்கையும் ஒப்பிட்டு 1994-இல் வெளியானது. மண்ணை அதிகம் பெயர்த்தது குதிரைக் குளம்பு என்று அதில் வந்தது. அது ஈர மலைமண், இது காய்ந்த மணல். அப்படியே இங்கே பொருத்த முடியாது. ஆனாலும் பாலைவனத் தடத்தில் குதிரையைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டு மோட்டார் சைக்கிளைப் பார்த்து முறைக்கிற சைக்கிள்காரர்கள் அதை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது. இறக்கத்தில் பின் பிரேக்கைப் பூட்டி இழுத்துக்கொண்டு போகிற சைக்கிள்காரர்கள் பற்றியும் சொல்லலாம், வேண்டாம்.

இன்னொன்று. அமெரிக்காவின் மேற்குப் பாலைவனங்களில் நாம் இன்று சைக்கிள் ஓட்டுகிற பல ஒற்றைத் தடங்கள் மோட்டார் சைக்கிள்காரர்கள் போட்டவை. யூட்டா மாநிலத்தின் உலகப் புகழ்பெற்ற மோவாப் ஸ்லிக்ராக் தடமே 1969-இல் மோட்டார் சைக்கிளுக்காகக் கோடு போட்டதுதான். சைக்கிள் வந்தது பிறகு. எங்கள் தடம் போகிற நிலம் மத்திய அரசினுடையது. 1972-இல் அதிபர் நிக்சன் போட்ட 11644 என்ற ஆணை, வண்டி ஓட்டும் இடங்களை மண்ணுக்குச் சேதமும் ஆட்களுக்குள் மோதலும் குறைகிற விதத்தில் அடையாளப்படுத்தச் சொல்கிறது. 1977-இல் அதிபர் கார்ட்டர் அதில் ஒரு திருத்தம் சேர்த்தார்: கணிசமான சேதம் நடந்தால் அந்தப் பகுதியை உடனே மூட வேண்டும். ஆகவே தடம் கெட்டுக்கொண்டே போனால் முதலில் வாசல் அடைபடுவது மோட்டார் சைக்கிளுக்குத்தான். இது அவர்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். வேலைக்கு அழைத்தபோது வந்தார்கள்.

மட்டம் பார்த்தது

மண்வெட்டியைத் தொடுவதற்கு முன்னால் கிளைனோமீட்டரோடு நடந்தோம். கண்ணில் வைத்துப் பார்த்தால் சரிவு எத்தனை சதவீதம் என்று காட்டும் சின்னக் கருவி. தடம் போடுகிறவர்களிடம் இரண்டு பழைய கணக்குகள் உண்டு. மலைச்சரிவு எவ்வளவோ அதில் பாதிக்கு மேல் தடத்தின் சரிவு இருக்கக் கூடாது. மொத்தத் தடத்தின் சராசரி 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எங்கள் பள்ளத் துண்டில் மலைச்சரிவு 18 சதவீதம், தடத்தின் சரிவு 17. அதாவது தடம் மலையைச் சுற்றாமல் தண்ணீர் ஓடுகிற கோட்டிலேயே விழுகிறது. அதை எத்தனை முறை மூடினாலும் தண்ணீர் திரும்ப அங்கேதான் வரும். பழுதுபார்க்க வேண்டியது மண்ணை அல்ல, தடம் போகிற கோட்டை.

கோட்டை மாற்றுவது என்றால் நினைத்த நாளில் கடப்பாரை போட முடியாது. மத்திய அரசு நிலத்தில் புதிதாக ஒரு அடி தடம் வெட்டினாலும் சுற்றுச்சூழல் ஆய்வு, தொல்லியல் ஆய்வு இரண்டும் முடிந்தாக வேண்டும். இந்தப் பக்கக் குன்றுகளில் பழங்காலத்தில் இங்கே வாழ்ந்த ஹோஹோகாம் மக்களின் பானை ஓடுகள் சாதாரணமாகக் கிடக்கும், பாலைவன ஆமையின் வளையும் இருக்கும். ஆய்வாளர் கொடி நட்டுக் காட்டிய கோட்டில் நடந்தபோது ஒரு சவாரோ கள்ளியைச் சுற்றி வளைத்திருந்தார். பக்கத்தில் பாலோ வெர்டே மரத்து நிழலில் விரல் உயரத்துக்கு இன்னும் இரண்டு குட்டிச் சவாரோ. எனக்குக் கண்ணிலேயே பட்டிருக்காது. அனுமதி வருவதற்குள் பொறுமை போய்விடும் என்பது உண்மை. அந்த இடைவெளியில் பழைய கோட்டிலேயே செய்யக்கூடிய பராமரிப்பு வேலைகளை ஆரம்பித்தோம்.

கருவிகளும் தூசியும்

முக்கியக் கருவி மெக்லியோட். தட்டையான இரும்புத் தகடு, ஒரு பக்கம் வெட்டும், மறுபக்கம் பல் வைத்து வாரும், நிமிர்த்திப் பிடித்துத் தட்டினால் மண்ணை இறுக்கும். இன்னொன்று புலாஸ்கி, ஒரு பக்கம் கோடரி, மறுபக்கம் களைக்கொத்து. இரண்டும் காட்டுத்தீ அணைப்பவர்களின் கருவிகள். கல் புரட்ட நம்மூர்க் கடப்பாரையேதான், இங்கே கொஞ்சம் நீளம். "ஏம்ப்பா, ஊர்ல உங்கப்பா வயலுக்குக் கூப்பிட்டா வயித்துவலின்னு படுத்துக்குவே. இங்க வந்து காசு வாங்காம வரப்பு வெட்டறியே" என்று அலுவலக நண்பர் ஒருவர் கேட்டார். பதில் சொல்லவில்லை, அடுத்த சனிக்கிழமை அவரையும் இழுத்துக்கொண்டு போனேன்.

தூசிக்கு முகக்கவசம் கட்டாயம். அரிசோனா மண்ணில் காக்சிடியாய்டிஸ் என்ற பூஞ்சை உண்டு. அதன் வித்துகள் தூசியோடு மூச்சில் போனால் வேலி ஃபீவர் என்ற நுரையீரல் நோய் வரலாம். காய்ந்த மண்ணைக் கிளறுகிற வேலையில் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது, என்95 போட்டுக்கொண்டுதான் வெட்ட வேண்டும். சோய்யா கள்ளியின் துண்டு காலில் ஒட்டினால் கையால் பிடுங்கப் போகாதீர்கள், அது கையில் ஏறிக்கொள்ளும். சாதாரணத் தலைவாரும் சீப்பை முள்ளுக்கும் தோலுக்கும் நடுவே விட்டு ஒரே தள்ளு. கல்லைப் புரட்டுவதற்கும் முறை இருக்கிறது: நம் பக்கமாகச் சாய்த்துப் புரட்ட வேண்டும். அடியில் தேள் இருந்தாலும் பாம்பு இருந்தாலும் திறக்கிற வாய் எதிர்ப்பக்கம் இருக்கும், ஓடினால் அந்தப் பக்கம் ஓடும்.

எப்போது செய்வது என்பதுதான் பாலைவனத்தில் பாதி வேலை. காய்ந்த பருமணலை எவ்வளவு தட்டினாலும் இறுகாது, அடுத்த வண்டி வந்து கலைத்துவிடும். கோடை மழை கொட்டிவிட்டு ஓடிவிடும், வெயிலோ ஆளைக் கொன்றுவிடும். டிசம்பரிலிருந்து மார்ச் வரை வருகிற குளிர்கால மழைதான் நமக்கு. நசநசவென்று பெய்து மண்ணுக்குள் இறங்கும். மழை விட்டு இரண்டொரு நாளில் மண்ணைப் பிடித்து உருட்டிப் பார்க்க வேண்டும். உருண்டை நின்று, கையில் சேறு ஒட்டாமல் இருந்தால் அன்றைக்கு வேலை. உருண்டை உதிர்ந்தால் கல் பொறுக்குகிற வேலை மட்டும் செய்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

வரப்பும் மடையும்

முதல் வேலை வரப்பை உடைப்பது. பள்ளத்தாக்குப் பக்கம், அதாவது தடத்தின் வெளி ஓரத்தில், சக்கரம் ஒதுக்கிய மண் அரையடி உயரத்துக்கு இறுகிப் புல்வேர் பிடித்து நிற்கும். அதுதான் தண்ணீரைத் தடத்துக்குள்ளேயே அடைத்து வைக்கிற சுவர். வெட்டிய மண்ணைக் கீழே தள்ளிவிடக் கூடாது. அது தடத்தின் சொந்த மண், உள்ளே இழுத்துப் பள்ளத்தை நிரப்ப அதுவே வேண்டும். நிரப்பும்போது ஒரு சாண் உயரத்துக்கு மொத்தமாகக் கொட்டாமல் நாலு விரல் உயரத்துக்கு ஒரு படலம், தட்டு, அதன் மேல் அடுத்த படலம்.

முடித்ததும் தடத்தின் மேற்பரப்பு வெளிப்பக்கம் 5 சதவீதம் சாய்ந்திருக்க வேண்டும். 60 செ.மீ. அகலத் தடத்துக்கு 3 செ.மீ. இறக்கம். கண்ணுக்கு மட்டமாகத் தெரியும், தண்ணீருக்குத் தெரியும். ஒரு தண்ணீர் பாட்டிலைத் தடத்தின் நீளவாக்கில் படுக்க வைத்தால் வெளிப்பக்கம் உருண்டு போக வேண்டும். போகாவிட்டால் இன்னும் சீவு.

அடுத்தது மடை. தடம் இறங்கிக்கொண்டே வரும்போது நடுவில் கொஞ்சம் ஏற வைத்தால், ஏற்றம் தொடங்குகிற இடத்தில் தண்ணீர் நின்று பக்கவாட்டில் வழிந்துவிடும். அந்த இடத்தில் வெளி ஓரத்தை அகலமாகத் திறந்துவிட வேண்டும். சைக்கிள் தடங்களில் இது மூன்று மீட்டர் நீளத்துக்குள் முடிந்துவிடும். இந்தத் தடத்திலும் முன்பு யாரோ அப்படிப் போட்டிருந்தார்கள், எதுவும் மிச்சமில்லை. காரணத்தை மோட்டார் சைக்கிள் குழுவிலிருந்து வந்த ஒரு பெரியவர்தான் சொன்னார். குட்டையான மேடு அவர்களுக்குத் தாவுகிற மேடு. முன்சக்கரத்தைத் தூக்க மேட்டின் முகத்தில் முறுக்குவார்கள், பின்சக்கரம் அங்கேயே தோண்டும், இறங்குகிற இடத்தில் இன்னொரு குழி விழும். "நீளமாகப் போடுங்கள். மேடு இருப்பதே தெரியாமல் ஏறி இறங்கினால் யாரும் முறுக்க மாட்டார்கள்" என்றார். உச்சியிலிருந்து உச்சிக்கு எட்டு, பத்து மீட்டர் வருகிற மாதிரி இழுத்தோம். மண் அள்ளுவது மூன்று மடங்கானது. ஆனால் நிற்கிறது.

இறுக்குவதற்கும் அவர்களே உதவினார்கள். ஈரமாக நிரப்பிய மடை மேல் முதல் கியரில், கிளட்சைத் தொடாமல், மாட்டு வண்டி வேகத்தில் முன்னும் பின்னும் ஓட்டினார்கள். மெக்லியோட் தட்டி வராத இறுக்கம் அதில் வந்தது. மண்ணைக் கெடுப்பது வண்டி அல்ல, வண்டியை முறுக்குகிற விதம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். தண்ணீர்க் கேன்களையும் கடப்பாரைகளையும் மலை மேல் சுமந்ததும் அவர்கள் வண்டிகள்தான்.

ஊப்ஸ்

ஊப்ஸ் வேலை எரிச்சல் பிடித்தது. ஒரு சின்ன மேட்டில் சஸ்பென்ஷன் அமுங்கி விரியும். விரிகிறபோது சக்கரம் இலேசாகி மண்ணைச் சுரண்டும், அடுத்து அமுங்குகிற இடத்தில் குழி விழும், அந்தக் குழி அடுத்த வண்டியை அதே தாளத்தில் ஆட்டும். நேரான, நீளமான, முறுக்கத் தோதான இடம் இருக்கிற வரை இது வளரும். குழியில் மண் போட்டு நிரப்புவது வீண், புது மண் தளர்வு, பழைய மேடு இறுக்கம், சில வாரத்தில் அதே இடத்தில் அதே குழி.

மேடு, குழி எல்லாவற்றையும் குழியின் அடிமட்டம் வரை கிளறி எடுத்து, பாகுபாடு இல்லாமல் ஒரே மண்ணாக ஈரத்தோடு திரும்ப இறுக்கினோம். அது பாதி. மீதிப் பாதி வேகத்தைக் குறைப்பது. அதற்குத் தடத்தை லேசாக நெளிய விட வேண்டும். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் பெரிய பாறை, காய்ந்த பாலோ வெர்டே மரத்துண்டு என்று வைத்து, நேர்கோட்டுப் பார்வையை உடைத்தோம். பாறை முழங்காலுக்குக் கீழே இருக்க வேண்டும், கைப்பிடி உயரத்துக்கு வைத்தால் இரண்டு வகை வண்டிக்காரர்களுக்கும் விரல் போகும். நெளிவு திடீரென்று வரக் கூடாது. நேராக வந்து சட்டென்று திரும்பினால் அதற்கு முன்னால் எல்லாரும் பிரேக் அடிப்பார்கள், அங்கே பிரேக் குழிகள் வரும். வியாதியை இடம் மாற்றியதாகத்தான் ஆகும்.

ஏற்றத்துக்கு அடியில் மட்டும் நெளிவு வைக்கவே கூடாது. இதுவும் அந்தப் பெரியவர் சொன்னதுதான். ஏற்றத்துக்கு முன் ஓட்டம் கிடைக்காவிட்டால், ஓட்டுபவர் ஏற்றத்தின் நடுவில் முறுக்குவார். பள்ளம் பிறப்பதே அங்கேதான். ஆகவே ஏற்றத்துக்கு முந்தைய இருபது, முப்பது மீட்டரை நேராக விட்டோம். சைக்கிள்காரர்களுக்கும் அது வசதிதான்.

பழைய தடத்தை மறைப்பது

அனுமதி கிடைத்த பிறகு புதுக்கோடு மலையைச் சுற்றி 7, 8 சதவீதத்தில் போனது. அதை வெட்டியது பற்றிச் சொல்ல அதிகமில்லை. கொடியைப் பார்த்து வெட்டினோம், மேல்பக்கச் சரிவைச் சாய்வாகச் சீவினோம், முடிந்தது. பழைய பள்ளத்தையும் இரண்டு கிளைத் தடங்களையும் மூடியதுதான் கைவேலை.

பள்ளத்துக்குள் முதலில் குறுக்கே கல் அணைகள். ஓடுகிற தண்ணீரை மட்டுப்படுத்தி மண் படிய வைக்க. பிறகு இறுகிய தரையைக் குந்தாலியால் கொத்திச் சின்னச் சின்னக் குழிகளாக விட்டோம், காற்றில் வருகிற விதை அதில் தங்கும். அதன் மேல் கல். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பாலைவனக் கல்லின் மேல்முகம் கருமையாக, எண்ணெய் பூசியது போலிருக்கும். இரும்பும் மாங்கனீசும் சேர்ந்து ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் படிந்த பூச்சு. மண்ணுக்குள் இருந்த முகம் வெளுத்து, சுண்ணாம்பு ஒட்டியிருக்கும். வெள்ளை முகம் மேலே வருகிற மாதிரி போட்டால் நூறு மீட்டர் தள்ளியே "இங்கே யாரோ கை வைத்திருக்கிறார்கள்" என்று தெரியும், தெரிந்தால் ஒருவன் ஏறிப் பார்ப்பான். ஒவ்வொரு கல்லையும் கருமுகம் மேலாக, மூன்றில் ஒரு பங்கு மண்ணில் புதையும்படி வைத்தோம். சும்மா மேலே வைத்த கல் வைத்த கல்லாகவே தெரியும்.

கடைசியாகச் செத்த கிளைகள். படுக்கப் போட்டால் குப்பை. குழி தோண்டி நிறுத்தி நட்டால் தூரத்துக்குப் புதராகத் தெரியும். கிரியசோட் புதர், பாலோ வெர்டே மரம் இவற்றின் காய்ந்த கிளைகளைச் செடிகளுக்கு இடையே இருக்கிற இயல்பான இடைவெளியில் நட்டோம், நெருக்கி நட்டால் வேலி மாதிரி தெரிந்துவிடும். இதைத் தடம் முழுக்கச் செய்யத் தேவையில்லை. சந்திப்பிலிருந்து கண்ணுக்கு எட்டுகிற தூரம் வரை செய்தால் போதும். அதற்கப்பால் பள்ளம் அப்படியே கிடந்தாலும் யாரும் போவதில்லை. "இங்கே நுழையாதே" பலகை ஒன்றும் வைத்துப் பார்த்தார்கள். துப்பாக்கிக் குண்டு ஓட்டைகள் விழுந்ததுதான் மிச்சம். பலகையைவிடக் காய்ந்த கிளைக்கு இந்த ஊரில் மரியாதை அதிகம்.

மழைக்குப் பிறகு

பருவமழையின் முதல் பெருமழை முடிந்த மறுநாள் அதிகாலையில் போய்ப் பார்த்தோம். மடைகளின் வாயில் கொழுவண்டல் விசிறியாகப் படிந்திருந்தது, தடத்தின் மேல் ஓடிய கீறல் அநேகமாக இல்லை. வண்டல் எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்தால் தண்ணீர் எந்த வாய் வழியாக வெளியேறியது என்று படம் போட்டது போலத் தெரியும். இரண்டு மடைகளின் வாய் வண்டலால் பாதி அடைத்திருந்தது. இதை வருடா வருடம் வாரிவிட வேண்டும், ஐந்து நிமிட வேலை. நெளிவு போட்ட சமதளத்தில் ஊப்ஸ் திரும்பவும் லேசாகத் தலைதூக்கியிருக்கிறது, ஆனால் விரல் ஆழம்தான். சைக்கிளில் உட்கார்ந்தபடியே போகலாம்.

சரியாக வராத இடம் ஒன்று உண்டு. வறண்ட ஓடையைத் தாண்டி மேலே ஏறும் அந்தக் குட்டைக் கரை. ஓடை மணலில் வேகம் இறந்துவிடும், கரையில் எல்லாரும் முறுக்கித்தான் ஆக வேண்டும். எவ்வளவு இறுக்கினாலும் மண் அங்கே நிற்காது, கல் பாவ வேண்டும். தட்டையாகப் படுக்க வைத்த கல் சக்கரத்தின் அடியில் வழுக்கி வெளியே வந்துவிடும். நெட்டுக்குத்தாக நிறுத்தி மூன்றில் இரண்டு பங்கு புதைக்க வேண்டும். ஒவ்வொரு கல்லும் 25 கிலோவுக்குக் குறையக் கூடாது, குறைந்தால் பின்சக்கரம் பிடுங்கி எறிந்துவிடும். எல்லாவற்றுக்கும் கீழே, ஓடைப்படுகையில், தூக்க இரண்டு பேர் வேண்டிய ஒரு நங்கூரக் கல். அதன் மேல் சாய்த்து வரிசை வரிசையாக மேலே ஏறி, இடைவெளிகளில் ஜல்லி அடித்து இறுக்க வேண்டும். பாவிய தளத்தின் இரு பக்கமும் அதைவிட முரடான பாறைகளைப் போட வேண்டும். தளம் முரடாகவும் ஓரம் மெத்தென்றும் இருந்தால் ஒருவரும் தளத்தில் ஏறமாட்டார்கள், ஓரமாகப் போய்ப் புதுப்பள்ளம் போட்டுவிடுவார்கள்.

இப்போது புதிதாக வந்திருப்பது சத்தமில்லாத மின்சார மோட்டார் சைக்கிள். பெடல் இல்லை, எடையும் குறைவு, ஆனால் முறுக்குவிசை நின்ற இடத்திலிருந்தே முழுதாக வரும். ஏற்றத்தின் அடியில் அது விடுகிற குழி சின்னதாக, கூர்மையாக, சக்கரம் நின்று சுற்றிய அடையாளத்தோடு இருக்கும். சைக்கிள் என்று சொல்லிக்கொண்டு சைக்கிள் மட்டும் போகிற தடங்களிலும் ஏறுகிறார்கள். அவர்களில் பலர் பதினைந்து, பதினாறு வயதுப் பையன்கள். எங்கள் பழைய மோட்டார் சைக்கிள் நண்பர்களின் கூட்டத்துக்கு வருகிறவர்கள் இல்லை. அவர்களை எப்படிப் பிடித்து ஒரு மெக்லியோடைக் கையில் கொடுப்பது என்பதற்கு இன்னும் வழி தெரியவில்லை. ஓடைக்கரைக்கான கல்லைப் பக்கத்துச் சரிவிலிருந்து சேர்த்து வைத்துவிட்டோம், நங்கூரக் கல்லையும் பார்த்துவிட்டோம். குளிர்காலத்தின் முதல் நசநச மழைக்குப் பிறகு பதிக்க ஆள் வேண்டும். கையுறையும் சீப்பும் சொந்தமாகக் கொண்டு வரவும், கடப்பாரை நாங்கள் தருகிறோம்.